எஸ்.பி. பங்களாவும் எம்.பி. சீட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தேர்தல் நெருங்கினால் தருமபுரி, கிருஷ்ணகிரி டீக்கடைகளில் ஒரு பேச்சு கிளம்பிவிடும். இங்கே எஸ்.பி.யாக இருந்தவர் வேலையை விடப்போகிறாராம், எம்.பி. சீட்டு உறுதியாம், ஜெயித்தால் மந்திரியாம். பத்திரிகைகளும் படத்தோடு போடுகின்றன. ராஜினாமாவுக்கும் வேட்புமனுவுக்கும் நடுவே இருப்பதை யாரும் எழுதக் காணோம்.

ராஜினாமா கடிதம் கொடுத்தால் மட்டும் ஆகாது. அரசு அதை ஏற்றுப் பணியிலிருந்து விடுவித்த ஆணை கையில் இருக்க வேண்டும். இல்லையேல் ஆதாயம் தரும் பதவியில் இருப்பவர் என்று பரிசீலனையில் மனு விழும். ராஜினாமா என்றால் ஓய்வூதியமும் போய்விடும். அதனால்தான் பலர் விருப்ப ஓய்வு கேட்கிறார்கள். அதற்கு 20 ஆண்டுப் பணியும் 3 மாத முன்னறிவிப்பும் வேண்டும். துறை விசாரணை நிலுவையில் இருந்தால் இன்னும் இழுக்கும். தேர்தல் அறிவிக்கை வந்தபின் மனு தாக்கலுக்குக் கிடைப்பதோ ஒரு வாரம். தேதி அறிவித்தபின் யோசிக்கத் தொடங்குபவருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

அடுத்து, வேட்புமனுவோடு தரும் உறுதிமொழிப் பத்திரமான படிவம் 26. பெரிய அதிகாரிகள் கோட்டைவிடுவது இங்கேதான். கடந்த 10 ஆண்டுகளில் அரசுக் குடியிருப்பில் இருந்தவர் அதன் முகவரியைச் சொல்லி, வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி நான்குக்கும் பாக்கி இல்லை என்று உறுதிமொழி தர வேண்டும். உரிய அலுவலகங்களின் நிலுவை இல்லாச் சான்றும் இணைக்க வேண்டும். எஸ்.பி. பங்களாவில் இருந்தவர் மாறுதலில் போகும்போது தொலைபேசி பில்லையா நினைத்துக்கொண்டிருப்பார்? 2024இல் மேற்கு வங்கத்தின் பீர்பூமில் முன்னாள் ஐ.பி.எஸ். அதிகாரி தேபாசிஷ் தரின் மனு, இந்தச் சான்று இல்லாததால்தான் தள்ளுபடியானது. உச்ச நீதிமன்றம் போயும் பலனில்லை. எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது. ‘இல்லை’ அல்லது ‘பொருந்தாது’ என்றாவது எழுத வேண்டும்.

ஓசூர் பக்கத்தவர்களுக்கு இன்னொன்று. கர்நாடகத்தில் வேலை பார்த்து ஓட்டும் பெங்களூரிலேயே வைத்திருப்பவர், கிருஷ்ணகிரி மக்களவைத் தொகுதியில் நிற்கலாம். பெங்களூர் வாக்காளர் பட்டியலின் சான்றிட்ட நகல் போதும். ஓசூர் சட்டமன்றத் தொகுதி என்றால் ஓட்டைத் தமிழ்நாட்டுக்கு மாற்றியே ஆக வேண்டும்.

இத்தனையும் வேட்பாளர் ஆவதற்குத்தான். தலைவர் ஆவது வேறு கதை, அதில் பதவியின் உயரம் பெரிதாக உதவுவதில்லை. மத்திய உள்துறை அமைச்சராக இருந்த சுசில்குமார் ஷிண்டே மகாராஷ்டிரக் காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 1971இல் வேலையை விட்டு, 1974இல் சட்டமன்றம் போய், மாநில அமைச்சர், முதல்வர் என்று ஏறி, 2012இல்தான் அந்த நாற்காலிக்கு வந்தார். பீகார் டி.ஜி.பி. குப்தேஷ்வர் பாண்டே 2020இல் விருப்ப ஓய்வு பெற்றுக் கட்சியில் சேர்ந்தும் சீட்டு கிடைக்கவில்லை. முன்னாள் ஐ.பி.எஸ். அதிகாரி கிரண் பேடியை 2015இல் டெல்லி முதல்வர் வேட்பாளராகவே அறிவித்தார்கள். நின்ற தொகுதியிலேயே தோற்றார். மும்பை கமிஷனராக இருந்து 2014இல் நேரே உத்தரப் பிரதேசத்தின் பாக்பத் எம்.பி.யாகி, பிறகு இணையமைச்சரான சத்யபால் சிங் விதிவிலக்கு. அண்ணாமலை 2019இல் ராஜினாமா செய்து, 2021இல் பா.ஜ.க. மாநிலத் தலைவரானார்; ஆனால் அரவக்குறிச்சியும் கோவையும் கைகொடுக்கவில்லை. கட்சி கொடுக்கும் பதவி வேறு, தொகுதி கொடுப்பது வேறு.

ஒரு முரணையும் சொல்லியாக வேண்டும். ஓய்வு பெற்ற ஐ.பி.எஸ். அதிகாரி ஓராண்டுக்குள் தனியார் கம்பெனியில் சேர அரசு அனுமதி வேண்டும். மறுநாளே கட்சியில் சேர்ந்து ஓட்டுக் கேட்க யாருடைய அனுமதியும் வேண்டாம். நேற்றுவரை பந்தோபஸ்து கொடுத்த ஊரிலேயே நிற்கலாம். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், சீட்டு எந்தக் கட்சியில் என்று கேட்பதற்கு முன்னால், விடுவிப்பு ஆணை வந்துவிட்டதா, எந்தத் தேதியில் என்று உங்கள் நிருபர் கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
தேர்தல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற வாசகர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.