பில் குறைந்ததைக் கண்டு ஏமாந்த கதை

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் போடாததற்கு மன்னிச்சுடு. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் பதவியை என் கழுத்தில் மாட்டிவிட்டார்கள் என்று சொன்னேன் அல்லவா? கூடவே குளிர்காலத்தில் கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லர் அறைச் சாவியும் வந்துவிட்டது. மூட்டு வலி எப்படி இருக்கிறது? படி ஏறுவதை இன்னும் விடவில்லை என்றால் உன்னைத் திருத்த முடியாது.

ஆபீஸ் கூரைக்குச் சூடு வெளியேறாமல் தடுக்கும் இன்சுலேஷன் போட்டதில் உண்மையிலேயே மிச்சமா என்று மேலிடத்தில் கேட்பதாக எழுதியிருந்தாய். போன வருட பில்லையும் இந்த வருட பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லிவிடாதே. நான் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

போன ஜனவரியில் எங்கள் ஹீட்டிங் மீட்டர் 11,000 யூனிட் ஓடியது. இந்த ஜனவரியில் 9,900. பத்து சதவீதம் குறைவு! கூட்டத்தில் கைதட்டல்கூட வாங்கினேன். வீட்டுக்கு வந்தபின்தான் உறைத்தது: இந்த ஜனவரியில் குளிரே சரியாக இல்லையே.

அதற்குத்தான் 'டிகிரி நாள்' என்று ஒரு கணக்கு இருக்கிறது. வெளியே ஒரு நாளின் சராசரி வெப்பநிலை ஓர் அடிப்படை அளவுக்கு எத்தனை டிகிரி கீழே போகிறதோ, அதுதான் அன்றைய டிகிரி நாள். பிரிட்டனில் 15.5 டிகிரி செல்சியஸை அடிப்படையாக வைக்கிறார்கள். அமெரிக்காவில் 65 ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 18.3. சராசரி 5.5 என்றால் அன்றைக்கு 10. சராசரி 17 என்றால் பூஜ்யம். மாதம் முழுவதையும் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். அறைக்குள் 20 டிகிரி வேண்டும் என்கிற நாம் 15.5-ஐ ஏன் வைக்கிறோம் என்று நீ கேட்பாய். மனுஷ உடம்பு, விளக்கு, ஃபிரிட்ஜ், ஜன்னல் வழியே விழும் வெயில் எல்லாமாகச் சேர்ந்து மிச்ச நாலைந்து டிகிரியைச் சும்மாவே தந்துவிடுகின்றன. வேடிக்கை என்னவென்றால் இந்த யோசனையின் வேர் பயிரில் இருக்கிறது. தெர்மாமீட்டருக்குப் பேர்போன ரெயோமூர், பயிர் முற்றுவதைப் புரிந்துகொள்ள 1735-லேயே அன்றாட வெப்பநிலைகளைக் கூட்டிப் பார்த்தவர்.

பழைய பில்களை எக்செலில் போட்டேன். கீழ்க்கோட்டில் மாதத்தின் டிகிரி நாள், பக்கக்கோட்டில் யூனிட். புள்ளிகள் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் வந்து உட்கார்ந்தன. ஒரு டிகிரி நாளுக்கு 30 யூனிட் என்று கோடு ஏறியது. டிகிரி நாள் பூஜ்யமாகும் இடத்தில் கோடு 800-இல் முட்டியது. கோடை மாத பில்லை எடுத்துப் பார்த்தேன். வெந்நீருக்கு மட்டும் ஓடியது, அதுவும் 800-ஐ ஒட்டியே! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. (சிரிக்காதே. இந்த வயதில் இதற்கெல்லாம்தான் சிலிர்க்கிறது.)

இப்போது கணக்கைப் பார். போன ஜனவரி 340 டிகிரி நாள். 30 பெருக்கல் 340, கூட்டல் 800: சரியாக 11,000. இந்த ஜனவரி 270 தான். அப்படியானால் 8,900 தானே ஓடியிருக்க வேண்டும்? 9,900 ஓடியிருக்கிறது. கைதட்டல் வாங்கிய மாதத்தில் 1,000 யூனிட்டை வீணடித்திருக்கிறோம்.

எப்போதிலிருந்து? நல்ல வேளை, அக்டோபர் முதல் ஞாயிறுதோறும் மீட்டரைக் குறித்து வைத்திருந்தேன். ஒவ்வொரு வாரமும் ஓட வேண்டியதற்கும் ஓடியதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே போனேன். எல்லாம் ஒழுங்காக இருந்தால் அந்தக் கூட்டுத்தொகை கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று ஒரே மட்டத்தில் தள்ளாடும். எங்களுடையது நவம்பர் மூன்றாம் வாரம் வரை அப்படித்தான் இருந்தது. அதற்கப்புறம் படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டே போனது. பராமரிப்பு நோட்டைப் புரட்டினால், அந்த வாரம்தான் மெக்கானிக் பாய்லர் சர்வீசுக்கு வந்துபோயிருக்கிறார்.

டார்ச்சோடு இறங்கினேன். டைமர் பெட்டியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு திருகு சுவிட்ச். நிறுத்து, நேரப்படி, எப்போதும் என்று மூன்று நிலை. முள் 'எப்போதும்' மேல் நின்றது. சோதித்துப் பார்க்கத் திருப்பியவர் திரும்ப வைக்க மறந்திருக்கிறார். தூசி படிந்த மூடியில் அவருடைய விரல் தடம்கூட அப்படியே இருந்தது. ராத்திரி முழுக்க பாய்லர் எரிந்திருக்கிறது. ஒருத்தரும் புகார் சொல்லவில்லை. குளிர்ந்தால்தானே சொல்வார்கள்? தரைத்தளத்துப் பாட்டி, "நீ வந்த பிறகுதான் விடியற்காலையில் கதகதப்பா இருக்கு" என்று என்னைப் பாராட்டவேறு செய்திருந்தார். சுவிட்சைத் திருப்பி வைத்ததிலிருந்து அவர் என்னோடு பேசுவது குறைந்துவிட்டது.

உனக்கு வேண்டியது இதுதான்: இன்சுலேஷன் போடுவதற்கு முந்தைய இரண்டு வருட ரீடிங், தேதியோடு. மீட்டரைப் பார்க்காமல் உத்தேசமாகப் போட்ட பில் இருந்தால் அதைத் தூக்கி எறி, கோட்டையே கெடுத்துவிடும். வெப்பநிலைக் கணக்கு தரும் வானிலை நிலையம் தள்ளி விமான நிலையத்தில் இருந்தாலும் பரவாயில்லை, முன்னும் பின்னும் ஒரே நிலையமாக இருக்க வேண்டும். காற்றும் வெயிலும் இந்தக் கணக்கில் வராது, அதனால் ஒரு மாதப் புள்ளி விலகி நின்றால் பதறாதே. கூரை வேலைக்குப் பிறகு கோட்டின் சரிவு, அதாவது ஒரு டிகிரி நாளுக்கு ஓடும் யூனிட், குறைந்திருந்தால் உன் முதலாளிக்குத் தைரியமாகச் சொல்லலாம்.

அறைச் சூட்டை நிர்ணயிக்கும் தெர்மோஸ்டாட்டை ஒரு டிகிரி இறக்கினால் என்ன ஆகும் என்றும் கேட்டிருந்தாய். அடிப்படையும் 15.5-இலிருந்து 14.5-க்கு இறங்கும். வெளியே சராசரி 5.5 என்றால் 10 இருந்தது 9 ஆகும். ஹீட்டிங்கில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் உன் ஆபீசில் அந்த ஒரு டிகிரிக்காக நடக்கப்போகும் சண்டைக்கு என்னிடம் கணக்கு இல்லை.

ரீடிங்கை அனுப்பு, கோட்டை நானே போட்டுத் தருகிறேன்.

உன் பழைய ரூம்மேட்