கார் கப்பல் நிறுவனங்களின் நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். இருபது வருடங்களுக்கு முன் 6,000 கார் ஏற்றும் கப்பல் என்றாலே பெரிய கப்பல். 2024-இல் கடலுக்கு வந்த ‘ஹோக் அரோரா’ 9,100 கார் பிடிக்கும். அதைவிடப் பெரியவையும் வந்துவிட்டன. கப்பலை ஓட்டுபவர்கள் மட்டும் அன்றும் இருபத்துச் சொச்சம் பேர், இன்றும் அதே இருபத்துச் சொச்சம் பேர்தான். இந்த மடல் அந்தக் கணக்கைப் பற்றியது.

கார் கப்பலில் தீ என்றதும் எல்லோரும் மின்கார்களைத்தான் கை காட்டுகிறார்கள். 2023 ஜூலையில் நெதர்லாந்துக் கடலில் ‘ஃப்ரீமாண்டில் ஹைவே’ எரிந்தபோதும் அதேதான் நடந்தது. பலர் உயிர் பிழைக்கக் கடலில் குதித்தார்கள். இந்திய மாலுமி ஒருவர் இறந்தார். கப்பலைக் கரைக்கு இழுத்துவந்து பார்த்தால், கீழ்த் தளங்களில் நிறைய வண்டிகள் சேதமில்லாமல் நின்றன. அவற்றில் மின்கார்களும் இருந்தன. பேட்டரி பற்றினால் அணைப்பது கடினம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2020 ஜூனில் அமெரிக்காவின் ஜாக்சன்வில்லில் ‘ஹோக் ஷியாமென்’ எரிந்தது சாதாரணப் பழைய வண்டிகளால். ஒரு வண்டியின் பேட்டரி இணைப்பைச் சரியாகக் கழற்றாமல் விட்டதில் ஏற்பட்ட மின்கோளாறுதான் காரணம் என்று விசாரணை சொன்னது. கழற்றும் முறை ஏட்டில் இருந்தது. அதன்படி நடக்கிறதா என்று மேற்பார்வை பார்க்கத்தான் சரியான ஏற்பாடு இல்லை. ஏற்றி முடித்த பிறகு தீ கண்டறியும் கருவியையும் உடனே திரும்ப இயக்கவில்லை. தீயணைப்பு வீரர்கள் ஒன்பது பேர் காயமடைந்தார்கள்.

ஏற்றி முடித்த கார் தளத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள். நடப்பதென்ன, பக்கவாட்டில் நழுவுவதுதான். இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஒரு சாண் இடம்கூட இருக்காது. தரையெங்கும் வண்டிகளை இறுக்கிக் கட்டும் லாஷிங் பட்டைகள், தலைக்கு மேலே கை நீட்டினால் தொடும் கூரை. முதுகில் காற்று சிலிண்டரும் கையில் தீயணைப்புக் குழாயுமாக, புகையில், எரியும் வண்டியைத் தேடி ஒருவர் அதற்குள் போக வேண்டும். அது ஆகாத காரியம் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் தளத்தை மூடி நிரப்பித் தீயை மூச்சடைக்க வைக்கும் கார்பன் டை ஆக்சைடு வைத்திருக்கிறோம். அதைத் திறக்கும் முன் ஆட்களை எண்ண வேண்டும், காற்றுப் போக்கிகளை மூட வேண்டும். பெரும்பாலும் ஒரே ஒரு வாய்ப்புதான் கிடைக்கும். தீயைப் பத்து நிமிடம் தாமதமாகக் கண்டால் அந்த வாய்ப்பும் வீண்.

2019 செப்டம்பரில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கரையோரம் சாய்ந்த ‘கோல்டன் ரே’யில் தீ பிறகு வந்தது. முதலில் வந்தது கணக்குப் பிழை. சமநிலைக் கணக்கில் சீஃப் ஆபீசர், அதாவது கேப்டனுக்கு அடுத்த அதிகாரி, பல்லாஸ்ட் விவரத்தை (கப்பல் சாயாமலிருக்கத் தொட்டிகளில் நிரப்பும் நீரின் அளவை) தவறாகப் பதிந்தார். அதைச் சரிபார்க்க இன்னொருவர் வேண்டும் என்ற நடைமுறையே நிறுவனத்தில் இல்லை. இயந்திர அறையில் சிக்கிய நான்கு பேரை மறுநாள் கப்பலின் வெளித்தகட்டைத் துளையிட்டு மீட்டார்கள். அந்த ஆபீசரைக் குறை சொல்வது சுலபம். ஏற்றும் நேரத்தில் அவர் எத்தனை வேலையைத் தலையில் சுமக்கிறார் என்பது கப்பலில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

‘கப்பலில் குறைந்தது இத்தனை பேர் வேண்டும் என்று சொல்லும் ஆள்பலச் சான்றிதழ்படிதான் நடக்கிறோம்’ என்பீர்கள். அந்தச் சான்றிதழ் துறைமுகத்தை விட்டுக் கிளம்பப் போதும். பன்னிரண்டு தளங்களில் புகை எங்கிருந்து வருகிறது என்று தேடப் போதாது.

நான் கேட்பது பெரிய செலவில்லை. ஏற்றும் வேகத்துக்குப் பதில் சொல்லத் தேவையில்லாத ஒருவர் ஒவ்வொரு துறைமுகத்திலும் பழைய வண்டிகளின் பேட்டரியைப் பார்த்துக் கையெழுத்திடட்டும். கசிவோ அடிபட்ட அடையாளமோ உள்ள வண்டியைக் கேப்டன் இறக்கச் சொன்னால், அதற்கு அலுவலகத்திலிருந்து போன் வரக் கூடாது. கடலில் தளங்களைச் சுற்றிப் பார்க்க மட்டும் இரண்டு பேரைக் கூடுதலாக அனுப்புங்கள். 9,000 கார்களின் வாடகையில் இரண்டு பேர் சம்பளம் எந்த மூலைக்கு?

2025 ஜூனில் அலாஸ்காவுக்குத் தெற்கே ‘மார்னிங் மைடாஸ்’ எரிந்தபோது 22 பேரும் உயிர்ப்படகில் இறங்கித் தப்பினார்கள். பக்கத்தில் ஒரு சரக்குக் கப்பல் இருந்தது, ஏற்றிக்கொண்டது. அது ஏற்பாடல்ல, அதிர்ஷ்டம். உங்கள் கப்பல்களில் எத்தனையில் இந்தக் கூடுதல் ஆட்கள் இருக்கிறார்கள் என்று கப்பல் வாரியாக வெளியிடுங்கள். வேலைக்கு வரும் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடட்டும்.

இப்படிக்கு,
கார் தளங்களில் வேலை பார்த்த ஒரு கடலோடி