மோவாவுக்கு இறக்கை இல்லை

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் நியூசிலாந்தில் வாழ்ந்து அழிந்துபோன மோவா பறவை பற்றி வந்த பக்கத்தைப் பேத்தியோடு சேர்ந்து படித்தேன். கட்டுரை சரி, படம்தான் இடிக்கிறது. நெருப்புக்கோழியைக் கொஞ்சம் இழுத்து நீட்டி, பக்கவாட்டில் குட்டியாக இரண்டு இறக்கையும் வைத்திருக்கிறார் ஓவியர். நெருப்புக்கோழி, ஈமு, கிவிக்கெல்லாம் பெயருக்காவது இறக்கை எலும்பு உண்டு. மோவாவுக்கு அதுவும் கிடையாது. மரபணு ஆய்வுகளின்படி அதன் நெருங்கிய சொந்தம் தென் அமெரிக்காவின் டினமூ. பார்க்கக் கௌதாரி மாதிரி இருக்கும், பறக்கவும் செய்யும்!

அப்புறம், படத்தில் 12 அடி உயரம் ஆண் பறவைக்கு என்று போட்டிருக்கிறீர்கள். அது பெண்ணின் உயரம், அதுவும் கழுத்தை நன்றாக நிமிர்த்தினால்தான். எடை 200 கிலோவுக்கு மேல். ஆண் அதில் பாதிகூடத் தேறாது. இந்த வித்தியாசத்தால் டைனோர்னிஸ் என்கிற ராட்சத மோவாப் பேரினத்தின் ஆணையும் பெண்ணையும் வெவ்வேறு இனங்கள் என்றே வெகுகாலம் எழுதி வைத்திருந்தார்கள். 2003இல் பழைய எலும்புகளின் டிஎன்ஏவைப் பார்த்த பிறகுதான் குட்டு உடைந்தது. அறிஞர்களே அத்தனை காலம் ஏமாந்திருக்கும்போது உங்கள் ஓவியரை நான் ரொம்பக் கடியக் கூடாதுதான்.

1839இல் லண்டனில் உடற்கூறியல் அறிஞர் ரிச்சர்ட் ஓவன், ஒரு சாண்கூட இல்லாத எலும்புத் துண்டை வைத்தே இப்படியொரு பெரும்பறவை இருந்தது என்று சொன்னாரே, அந்தக் கதையை ஏன் விட்டீர்கள்?

திருத்திய படத்தை அடுத்த வாரம் வெளியிடுங்கள். எங்கள் வீட்டுப் பிரதியில் பேத்தி பேனாவால் இறக்கைகளை ஏற்கெனவே அடித்துவிட்டாள்.

– ஒரு வாசகர், மன்னார்குடி