செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

அவைத் தலைவர் அவர்களுக்கும், மன்ற உறுப்பினர்களுக்கும், பெற்றோர்களுக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நம் கோவில்பட்டி விளையாட்டு மன்றத்தின் செயல்பாடுகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். உறுப்பினர்கள் 118 பேர். மாலைப் பயிற்சிக்கு ஹாக்கியில் 61 பிள்ளைகளும் சிலம்பத்தில் 24 பிள்ளைகளும் வருகிறார்கள். 14 வயதுக்குட்பட்டோர் அணி மூன்று போட்டிகளுக்குப் போய், ஒன்றில் இறுதி ஆட்டம் வரை வந்தது. ஐப்பசி மழையில் கரிசல் மண் காலோடு அப்பிக்கொண்டு வந்ததால் இரண்டு வாரம் பயிற்சி நின்றது. கிழக்குப் பக்க வேலியைச் சரிசெய்தோம். செயற்குழு ஒன்பது முறை கூடியது. விவரமெல்லாம் பதிவேட்டில் இருக்கிறது, வேண்டுவோர் வாங்கிப் பார்க்கலாம்.

மீதி அறிக்கை முழுவதும் ஒரே விஷயம்தான். நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பெரியவர்கள் யார், அவர்களைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்பது.

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் நடந்ததை எல்லோரும் படித்திருப்பீர்கள். என்.சி.சி. முகாம் என்று சொல்லி ஒருவர் வந்தார். பள்ளி நம்பியது. மாணவிகளை இரவு பள்ளியிலேயே தங்கவைத்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்குக் கொடுமை நடந்த பிறகுதான், அந்த முகாமுக்கும் தங்களுக்கும் தொடர்பே இல்லை என்று என்.சி.சி. சொன்னது. விஷயம் தெரிந்தும் காவல் துறைக்குச் சொல்லவில்லை என்று பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள்.

அந்தச் செய்தி வந்த மறுநாள் மாலை, மைதானத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஒரு தாயார் என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, நம்ம மே மாசக் கேம்ப்ல பிள்ளைங்க ராத்திரி தங்குச்சே, கூட யாரு இருந்தா?" பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் முகாம் நோட்டை எடுத்துப் பார்த்தேன். பயிற்சி தந்தவர்கள் ஐந்து பேர். அதில் இரண்டு பேருக்குப் பெயரும் செல் நம்பரும் மட்டுமே எழுதியிருந்தது. எந்த ஊர், என்ன வேலை, முன்னே எங்கே பயிற்சி தந்தார்கள் என்று ஒரு வரி இல்லை. "நல்லா ஆடுவாரு, நம்ம பையனுக்குத் தெரிஞ்சவரு" என்று யாரோ சொன்னார்கள், சேர்த்துக்கொண்டோம். எழுதியது என் கையெழுத்துதான்.

நம் ஊரில் ஹாக்கி வெறும் விளையாட்டு இல்லை. 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் கோவில்பட்டிப் பிள்ளை. கார்த்தி செல்வமும் இங்கே விடுதியில் இருந்து பயின்றவர். மட்டை பிடிக்கிற ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் ரயில்வே, போலீஸ் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைத்துவிடாதா என்ற நினைப்பு இருக்கிறது. அந்த வழியைத் திறந்துவிடுபவர் மாஸ்டர். அதனால் மாஸ்டரை யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வியை இதுவரை நிர்வாகமும் கேட்டதில்லை.

சட்டத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று வழக்கறிஞரான நம் உறுப்பினர் ஒருவர் எடுத்துக் காட்டினார். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. அதன் 2020-ஆம் ஆண்டு விதிகளில், குழந்தைகளோடு தொடர்ந்து புழங்கும் நிறுவனங்கள் தங்கள் பணியாளர் ஒவ்வொருவரையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் போலீஸ் வெரிஃபிகேஷன் செய்ய வேண்டும் என்று இருக்கிறது. பள்ளி, குழந்தைகள் காப்பகம் என்ற வரிசையில் விளையாட்டுப் பயிற்சி மையங்களையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். நாலு வருஷமாக இருந்த விதி நமக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

செயற்குழுவில் ஒரு வாதம் வந்தது. "நாம யாருக்கும் சம்பளம் கொடுக்கலியே, எல்லாரும் சேவைக்குத்தானே வாறாங்க, இது நமக்குப் பொருந்துமா?" என்றார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எந்த மாஸ்டர் சம்பளம் வாங்குகிறார், எவர் வாங்கவில்லை என்று பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. சரி, எல்லோருக்கும் என்று செப்டம்பர் கூட்டத்தில் முடிவானது. பயிற்சியாளர்கள், வேன் ஓட்டுபவர், மைதானம் கூட்டுபவர், சுண்டல் கொடுக்க வருபவர், தலைவர், பொருளாளர், நான் என்று மொத்தம் பதினாலு பேர்.

விண்ணப்பத்தைத் தமிழ்நாடு காவல் துறை இணையதளத்திலேயே போடலாம். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எல்லோருக்கும் நானே போட்டேன். கட்டணத்தை மன்றம் கட்டியது. ஆதாரில் சொந்த ஊர் முகவரியும் குடியிருப்பது வேறு இடமுமாக இருந்த மூன்று பேருக்கு மட்டும் இழுத்தது. ஆனால் தாளை விடப் பெரிய சங்கடம் வேறு. நம் சிலம்ப ஆசான் வீட்டுக்கு விசாரணைக்குக் காவலர் வந்துபோன அன்று, "என்ன விஷயம், பையன் ஏதும் பிரச்சினையா?" என்று தெருவே கேட்டிருக்கிறது. முப்பது வருஷமாகக் கம்பு சொல்லிக்கொடுப்பவர். மறுநாள் நானும் தலைவரும் அவர் தெருவுக்குப் போய் நாலு வீட்டில் விவரம் சொல்லிவிட்டு வந்தோம். அப்புறம் மற்றவர்களுக்கு விண்ணப்பம் போடும் முன்பே அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தோம்.

கீப்பர் பயிற்சி தந்துகொண்டிருந்தவர் மட்டும் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. "இத்தன வருஷம் கழிச்சு என்னைய சந்தேகப்படுறீங்களா" என்று கேட்டுவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு முறை வீட்டுக்குப் போய்ப் பேசினேன். வரவில்லை. அவர்மேல் ஒரு பிள்ளையோ பெற்றோரோ ஒரு குறையும் சொன்னதில்லை என்பதை இந்த அவையில் பதிவு செய்கிறேன். அவர் போனது நமக்கு நஷ்டம். ஆனால் ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் நாளைக்கு வருகிற புது ஆளிடம் எந்த வாயால் கேட்பது?

பதிமூன்று பேருக்கும் பாதகமான பதிவு இல்லை என்று சான்று வந்தது. இங்கேதான் நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி இருக்கிறது.

மே முகாமில் வெறும் பெயரும் நம்பருமாக இருந்த இருவரில் ஒருவர் வெளியூர்க்காரர். அடுத்த முகாமுக்கும் வருவதாகச் சொல்லியிருந்தார். சான்றிதழ் நகல் கேட்டோம், அடுத்த வாரம் தருகிறேன் என்றார். முன்பு பயிற்சி தந்ததாக அவர் சொன்ன மன்றத்துக்குப் போன் போட்டேன். அதன் நிர்வாகி முதலில், "ஆள் நல்லா சொல்லிக்கொடுப்பாரு" என்றார். அப்படியென்றால் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அதெல்லாம் விடுங்க சார், முடிஞ்சு போச்சு" என்றார். விடாமல் கேட்ட பிறகு, ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஒரு பிள்ளைக்குத் தவறான மெசேஜ் அனுப்பியதாக அந்தப் பிள்ளையின் வீட்டார் வந்து சண்டை போட்டார்கள், இனி வராதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டோம் என்றார். எழுத்தில் எதுவும் இல்லை. போலீசுக்கும் சொல்லவில்லை. "பிள்ளை பேரு கெட்டுப்போகும்னு விட்டுட்டோம்."

அவருக்கு வெரிஃபிகேஷன் போட்டிருந்தால் என்ன வந்திருக்கும்? நமக்கு வந்த அதே சுத்தமான சான்றுதான். யாராவது சொன்னால்தானே காவல் துறைப் பதிவில் ஏறும். ஒரு ஊரில் சத்தமில்லாமல் அனுப்பினால் அடுத்த ஊரில் சத்தமில்லாமல் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். நடுவில் இருக்கிற நிர்வாகிகள்தான் அதற்கு வழிவிடுகிறோம். பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பட்டியலை இணையத்தில் பார்க்க முடியாதா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். 2018-இல் தொடங்கிய அந்தத் தரவுத்தளம் காவல் துறை போன்ற அமைப்புகளின் பயன்பாட்டுக்கு மட்டும்தான். நம் கையில் இருப்பது போன்தான். அதனால் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் முன்பிருந்த இரண்டு இடங்களுக்கு நேரடியாகப் பேசி, பேசிய நாளையும் சொன்ன பதிலையும் நோட்டில் எழுதுகிறோம்.

அந்த நிர்வாகியிடம் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவைச் சொன்னேன். தெரிந்தவர் யாராக இருந்தாலும் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் 21-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, தன் கீழ் இருப்பவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை. எனக்கும் இப்போது தெரிந்துவிட்டது அல்லவா, நானும் சும்மா இருக்க முடியாது. நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர்மேல் வழக்கு வராது என்று 19-ஆவது பிரிவே சொல்கிறது. அன்றே குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்துச் சொன்னேன். அந்தப் பிள்ளை யாரென்று யாருக்கும் தெரியக்கூடாது, எனவே இதற்கு மேல் இந்த அறிக்கையில் எழுதுவது முறையில்லை. அந்த நபர் நம் மைதானத்துக்கு மறுபடி வரவில்லை.

மைதானத்திலும் சில மாற்றங்கள் செய்தோம். மட்டைகளும் கீப்பர் பேடுகளும் வைக்கும் அறைக்குத் தகரக் கதவு. உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. வெல்டிங்காரரை வரச்சொல்லி அந்தத் தாழ்ப்பாளை அறுத்தெடுத்தோம். கதவில் கண் உயரத்துக்கு ஒரு முழச் சதுரம் வெட்டி கம்பிவலை வைத்தோம். செலவு 1,850 ரூபாய். இப்போது வெளியே நின்றாலே உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியும். ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக இருப்பதில்லை, எப்போதும் இரண்டு பேர். வெளியூர்ப் போட்டிக்குப் பெண் பிள்ளைகள் போனால் ஒரு தாயாராவது கூடப் போகிறார். செய்தியெல்லாம் பெற்றோர் குழுவில்தான், பிள்ளைகளுக்குத் தனியாக மெசேஜ் கிடையாது. பிடியைத் திருத்த மணிக்கட்டைத் தொடுவதென்றால்கூட முதலில் சொல்லிவிட்டுத் தொட வேண்டும்.

ஜனவரியில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஓர் அம்மா வந்து பேசினார். புகார் என்றால் பிள்ளை போலீஸ் ஸ்டேஷனில் போய் நிற்க வேண்டும் என்றுதான் பெற்றோர் பலர் நினைத்திருந்தார்கள். அப்படி இல்லை, வாக்குமூலத்தைப் பிள்ளை இருக்கிற வீட்டிலேயே எடுக்கலாம், எடுக்க வரும் அதிகாரி சீருடையில் வரக்கூடாது என்று அவர் விளக்கினார். கேள்வி நேரத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "சொன்னா மேட்ச்ல எடுக்காம விட்டுட்டா என்ன செய்யிறது?" என்று கேட்டாள். கூட்டம் அமைதியாகிவிட்டது. நாங்கள் யாரும் யோசிக்காத இடம் அது. அதற்கு அடுத்த வாரமே அணித் தேர்வை ஒரே மாஸ்டர் கையிலிருந்து எடுத்து, ஒரு தாயார் உட்பட மூன்று பேர் கொண்ட குழுவிடம் கொடுத்தோம். தேர்வுக்கான காரணமும் எழுதிவைக்கப்படுகிறது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சரிபார்ப்பு, கதவு, கூட்டம் எல்லாமாகச் சேர்த்து ஆன தொகையை இந்த ஆண்டு பரிசுக் கோப்பைகளுக்கு ஒதுக்கியதிலிருந்து எடுத்தோம். கோப்பைகள் சின்னதாகப் போனதற்கு அதுதான் காரணம்.

பொதுக்குழு முடிவெடுக்க வேண்டியவை: எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்று விதியில் எண் இல்லை. இரண்டு ஆண்டு என்று வைக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. இந்த நடைமுறை முழுவதையும் துணைவிதியில் சேர்க்கச் சிறப்புத் தீர்மானம் தேவை. நிறைவேறினால் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்வோம். நிர்வாகிகள் மாறினாலும் நோட்டு மாறக்கூடாது என்பதற்காகத்தான் இது.

கீப்பர் பயிற்சியாளர் இடம் இன்னும் காலியாக இருக்கிறது. ஏழு பிள்ளைகள் பேட் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். ஆதார் நகலும், முன்பு பயிற்சி தந்த இரண்டு இடங்களின் போன் நம்பரும் எடுத்துக்கொண்டு, எந்த மாலையும் ஐந்து மணிக்கு மைதானத்துக்கு வரச் சொல்லுங்கள். நான் இருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்
கோவில்பட்டி