எங்கே போய் வந்தீர்கள் என்று வேண்டாம், என்ன நினைவிருக்கிறது என்று கேளுங்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களுக்கும் அந்தப் பிரிவுகளை நடத்தும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். நெஞ்சை அழுத்தி, சிபிஆர் கொடுத்து, நின்றுபோன இதயத்தை மறுபடி ஓட வைக்கிறீர்கள். என் அக்காவுக்கும் அதைத்தான் செய்தீர்கள். அதற்கான நன்றியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எழுதிக்கொண்டே போகும்போது கோபம் வந்து அது விட்டுப்போகலாம்.

போன வாரம் ஃபாலோ-அப்புக்குப் போயிருந்தோம். இத்தனை நாள் என்னிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்ததை அக்கா துணிந்து மருத்துவரிடம் ஆரம்பித்தாள். "டாக்டர், எனக்கு சிபிஆர் கொடுத்தப்ப நான் மேல இருந்து..." அவ்வளவுதான். "அதெல்லாம் மருந்தோட வேலைம்மா, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதிவிட்டார். வாக்கியத்தை முடிக்கக்கூட விடவில்லை. ஈசிஜி, எக்கோ, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தவர்தான், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்.

ஆன்மா உண்டா, செத்த பிறகு என்ன ஆகும் என்றெல்லாம் உங்களிடம் கேட்க நான் வரவில்லை. அது உங்கள் துறை இல்லை, என் துறையும் இல்லை. நான் கேட்பது ஒன்றுதான்: இதயம் நின்று பிழைத்தவரை டிஸ்சார்ஜ் செய்வதற்கு முன், நினைவில்லாமல் கிடந்த நேரத்தைப் பற்றி ஏதாவது நினைவிருக்கிறதா என்று ஒருமுறை கேளுங்கள். சொல்வதை அவர் சொன்னபடியே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.

இது உங்களுக்குப் புதிய விஷயமும் இல்லை. இதய மருத்துவர் பிம் வான் லோமல் குழுவினர் 2001-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியதைப் படித்திருப்பீர்கள். நெதர்லாந்தில் 10 மருத்துவமனைகளில் இதயம் நின்று மீண்ட 344 பேரைக் கேட்டதில் 62 பேருக்கு, உடலை விட்டு மேலே போனது, ஒளியைப் பார்த்தது என்று மரண விளிம்பு அனுபவம் என்கிறார்களே, அப்படி ஏதோ ஒன்று நினைவில் இருந்தது. நூற்றுக்கு 18 பேர். அவர்களாக வந்து வரிசையில் நின்று சொல்லவில்லை, யாரோ போய்க் கேட்டதால் வெளியே வந்தது. இதே அளவில் ஒரு மருந்துக்குப் பக்கவிளைவு இருந்தால் கேட்காமல் விடுவீர்களா?

அக்காவுக்கு என்னதான் பிரச்சினை என்றால், அவள் ஒளியையும் பார்க்கவில்லை, செத்துப்போன சொந்தக்காரர்களையும் பார்க்கவில்லை. மேலே எங்கோ இருந்து கட்டிலைச் சுற்றி நின்றவர்களின் தலைகளைப் பார்த்தாளாம். ஓர் ஆண் குரல் "போதும், விட்டுடலாம்" என்றதாம். ஒரு பெண் குரல் "இன்னும் ஒரே ஒரு தடவை" என்றதாம். இவ்வளவுதான். இது நடந்ததா இல்லையா என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிய வேண்டும். நடந்தது என்றால் அந்த இரண்டாவது ஆளைக் கண்டுபிடித்து ஒரு வார்த்தை நன்றி சொல்ல ஆசைப்படுகிறாள். நடக்கவில்லை என்றால் கனவு என்று விட்டுவிடத் தயாராக இருக்கிறாள். எந்தப் பதில் வந்தாலும் அன்று ராத்திரி தூங்கிவிடுவாள். பதில்தான் வரவில்லை. விளக்கை அணைக்க விடாமல் படுத்துக்கொண்டு "நான் கேட்டது நிஜமா?" என்று என்னைக் கேட்கிறாள். நான் கதவுக்கு வெளியே நின்றவள், எனக்கு எப்படித் தெரியும்? உள்ளே இருந்தவர்கள் நீங்கள்.

உங்கள் வார்டில் யாராவது இரண்டாம் நாளே கேட்டிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். அன்று டியூட்டியில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருந்திருக்கும், அவளுக்கும் கலப்படம் இல்லாமல் இருந்திருக்கும். இப்போது அப்படி இல்லை. பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொருவரும் "சுரங்கப்பாதை வந்துதா? அம்மா வந்தாங்களா?" என்று எடுத்துக் கொடுக்கிறார்கள். எது தான் கண்டது, எது இவர்கள் சொல்லித் தந்தது என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. 1991-ல் அமெரிக்காவில் பாம் ரெனால்ட்ஸ் என்ற பெண்ணுக்கு உடலைக் குளிரவைத்து, இதயத்தை நிறுத்தி மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். மண்டையோட்டை அறுத்த ரம்பத்தைப் பற்றியெல்லாம் அவர் பிறகு விவரித்தார். இன்றுவரை அதை வைத்து இரண்டு தரப்பும் சண்டை போடுகிறது. உடனே யாரும் உட்கார்ந்து விரிவாகக் கேட்டு எழுதாமல், சில ஆண்டுகள் கழித்து ஓர் ஆய்வாளர் கேட்டு எழுதினால் சண்டை எப்படித் தீரும்? நம்புகிறவருக்கும் நம்பாதவருக்கும் தேவைப்படுவது அன்றைய தேதி போட்ட ஒரு தாள்தான்.

இதயம் நின்று மீண்டவர்களிடம் மருத்துவர் சாம் பார்னியா தலைமையில் நடந்த ஆய்வை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, மரியாதையும் வருகிறது. மேலே மிதக்கிறவர் பார்த்துச் சொல்லட்டும் என்று படங்களை மேல்நோக்கி வைத்து அலமாரிகள் அடித்தார்கள். 2014-ல் முடிவு வந்தபோது பார்த்தால், நூற்றுக்கு 78 இதய நிறுத்தங்கள் அலமாரி இல்லாத இடங்களில் நடந்திருக்கின்றன! 2023-ல் வெளியான அடுத்த ஆய்வில் பிழைத்தவர்களில் பேச முடிந்தவர்கள் 28 பேர், அவர்களில் 11 பேருக்கு ஏதோ ஓர் உணர்வு இருந்திருக்கிறது. சிபிஆர் நேரத்தில் காட்டிய படத்தை ஒருவரும் சொல்லவில்லை. அப்போது காதில் ஒலிக்கவிட்ட மூன்று பழங்களின் பெயரை மட்டும் ஒருவர் சரியாகச் சொன்னார். தற்செயலாகவும் இருக்கலாம். ஆனாலும் சிபிஆர் நடக்கும்போதே சிலர் கண் விழிப்பதை, கையைத் தட்டிவிடுவதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். காது கேட்டிருக்கவே முடியாது என்று சத்தியம் செய்வீர்களா? கட்டிலுக்கு மேல் நின்றுகொண்டு நீங்கள் பேசுகிற சில பேச்சுகளை நினைத்தால், கேட்டிருக்கக் கூடாது என்று நீங்கள் விரும்புவது எனக்குப் புரிகிறது.

மூளையின் வேலைதான் என்றால் அப்படியே இருக்கட்டும், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. 2002-ல் நரம்பியல் மருத்துவர் ஓலாஃப் பிளாங்க் குழுவினர் ஒரு வலிப்பு நோயாளியின் மூளையில் ஓர் இடத்தை மின்சாரத்தால் தூண்டியபோது, அந்தப் பெண் தன் உடலையே மேலிருந்து பார்ப்பதாகச் சொன்னார். இதை அக்காவிடம் எடுத்துச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகாது. 'மருந்தோட வேலை' என்று ஒரே வார்த்தையில் வாயை அடைப்பதை விட இது விஞ்ஞானமாகவும் இருக்கும், மரியாதையாகவும் இருக்கும்.

நீங்கள் கேட்காத இடத்தில் யார் வந்து உட்காருகிறார்கள் தெரியுமா? சொர்க்கம் போய் வந்த கதைகளை விற்கிற கூட்டம். ஒரு விபத்தில் சிக்கிய அமெரிக்கச் சிறுவன் சொர்க்கத்தைப் பார்த்துத் திரும்பியதாக 2010-ல் ஒரு புத்தகம் வந்து சக்கைப்போடு போட்டது. 2015-ல் அவனே 'நான் சாகவும் இல்லை, சொர்க்கத்துக்குப் போகவும் இல்லை' என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் பதிப்பகம் விற்பனையை நிறுத்தியது. இந்தப் பக்கம் இப்படி என்றால், அந்தப் பக்கம் எதைச் சொன்னாலும் 'ஆக்சிஜன் குறைவு' என்று சிரித்துவிட்டுப் போகிற அறிவாளிகள். ஏ. ஜே. அயர் தெரியும்தானே, கடவுள் மறுப்பாளர், தத்துவப் பேராசிரியர். 1988-ல் அவர் இதயம் நான்கு நிமிடம் நின்றது. கண்ணைக் கூசும் சிவப்பு ஒளியைப் பார்த்ததாகத் தயங்காமல் எழுதினார், கடைசி வரை நாத்திகராகவும் இருந்தார். அவர் பேராசிரியர் என்பதால் பத்திரிகை பிரசுரித்தது. என் அக்காவுக்குத் தூக்க மாத்திரைதான் கிடைத்தது.

இந்தியாவில் இப்படிப்பட்ட அனுபவங்களைப் பற்றி ஆய்வாளர்கள் சத்வந்த் பஸ்ரிச்சாவும் இயன் ஸ்டீவன்சனும் 1986-ல் வெளியிட்ட ஆய்வில் 16 பேரின் கதைகள் இருக்கின்றன. அவற்றில் அடிக்கடி வருவது, எமனின் தூதர்கள் ஆள் மாறி இழுத்துக்கொண்டு போய்விடுவதும், அங்கே ஏட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவதும். எமலோகத்திலேயே ஏட்டைப் புரட்டிச் சரிபார்க்கிறார்கள். உங்களிடம் ஏடு இருந்தும் அதில் இதற்கு ஒரு வரி இடம் இல்லை.

சரி, கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன். இதயம் நின்று மீண்டவர்களை மூன்று மாதத்துக்குள் அழைத்து நினைவாற்றல், மனநிலை, சோர்வு எல்லாவற்றையும் பரிசோதிக்க வேண்டும் என்று 2021-ன் ஐரோப்பிய வழிகாட்டுதலே சொல்கிறது. அந்தப் படிவத்தில் இன்னும் ஒரு கேள்வியைச் சேருங்கள், ஆனால் மூன்று மாதம் காத்திருக்காமல் வார்டிலேயே கேட்டுவிடுங்கள். பெரிய மருத்துவர் வர வேண்டும் என்றில்லை, நர்ஸ் கேட்டால் போதும். 'ஒளி தெரிந்ததா' என்று எடுத்துக் கொடுக்காமல், 'ஏதாவது நினைவிருக்கிறதா' என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். இன்னும் விரிவாக வேண்டுமானால் மனநல மருத்துவர் புரூஸ் கிரேசன் 1983-லேயே இந்த அனுபவங்களை அளக்க 16 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றைத் தந்திருக்கிறார், நோயாளி தன் கதையைச் சொல்லி முடித்த பிறகு அதை எடுங்கள். பயங்கரமான எதையாவது கண்டவர்களும் இருப்பார்கள், அவர்கள் தானாக வாயைத் திறக்கவே மாட்டார்கள், அவர்களிடம் இன்னும் கொஞ்ச நேரம் உட்காருங்கள். கேட்டதும் உடனே மனநோய் என்று குறித்துவிடாதீர்கள். நோயாளி கேட்டதாகச் சொல்லும் பேச்சு அறையில் நிஜமாகவே நடந்திருந்தால், சங்கடமாக இருந்தாலும், ஆமாம் என்று சொல்லிவிடுங்கள்.

அக்காவின் அடுத்த ஃபாலோ-அப் அடுத்த மாதம். அதற்குள் படிவம் மாறாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு வெள்ளைத்தாள் போதும். கேளுங்கள், எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்களால் பிழைத்த ஒருத்தியின் தங்கை