காற்று எழும்பினால் இராட்டினத்தை யார் நிறுத்துவது?

ஆசிரியருக்கு,

சென்ற ஆண்டு நல்லூர்த் திருவிழாக் காலத்தில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஒரு களியாட்ட விழாவுக்குப் போயிருந்தேன். சோளகக் காற்று இரைந்துகொண்டிருந்த பின்னேரம். கீழே ஆட்களை ஏற்றுவதற்காகப் பெரிய இராட்டினத்தை நிறுத்தியபோது நாங்கள் உச்சியில் இருந்தோம். தொட்டில் சரிந்து சரிந்து ஆடியது. பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டு என் கையை விடவேயில்லை. இறங்கியதும் இயக்கிய தம்பியிடம் சொன்னேன். "உது சும்மா காத்து ஐயா, ஒண்டும் செய்யாது" என்றார். எவ்வளவு காற்றடித்தால் நிறுத்துவீர்கள் என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. காற்றின் வேகத்தை அளக்கும் கருவி எதுவும் அங்கே என் கண்ணில் படவுமில்லை.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். நிலத்தில் நிற்பவருக்கு இதமாக இருக்கும் காற்று உச்சியில் இன்னும் பலமாக வீசும். யாழ்ப்பாணத்து முற்றவெளி போலக் கடல்நீரேரியைப் பார்த்துத் திறந்து கிடக்கும் இடங்களில் அதைச் சொல்லவே வேண்டாம். ஐரோப்பியத் தரநியமத்தில், இத்தகைய இராட்டினங்கள் ஆட்களோடு ஓடுவதற்கு மணிக்கு 54 கிலோமீற்றர் காற்றை எல்லையாக வைத்தே கணக்கிடுகிறார்கள். சிறுவர் துள்ளி விளையாடும், காற்றடைத்த கோட்டைகளுக்கு அந்த எல்லை 38 மட்டுமே. 2021 மார்கழியில் அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் ஒரு பாடசாலையில் அப்படியொரு கோட்டையைக் காற்றுத் தூக்கியதில் ஆறு சிறுவர்கள் இறந்தார்கள்.

இராட்டினத்தை மின்விசிறி போல ஆளியைத் தட்டி நிறுத்திவிட்டுப் போக முடியாது. ஒவ்வொரு தொட்டிலாகக் கீழே கொண்டுவந்துதான் ஆட்களை இறக்கவேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் வெறுமையாக்கினால் பாரம் சமநிலை இழக்கும் என்பதால் எதிரெதிர்ப் பக்கங்களை மாற்றி மாற்றி இறக்குவார்கள். இதற்கு நேரம் பிடிக்கும். ஆகவே மழை கொட்டத் தொடங்கியபின் யோசிப்பதில் பயனில்லை. இடி காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறோம் என்று அர்த்தம். அப்போதே இறக்கத் தொடங்கவேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை திரும்ப ஏற்றக்கூடாது.

மாரியில் வேறு தொல்லைகள். ஊறிய நிலத்தில் கால்களுக்குக் கீழே வைத்த பலகைகள் அமிழ்ந்து இராட்டினமே சரியலாம். ஜெனரேட்டரிலிருந்து வரும் வயர்கள் தண்ணீருக்குள் கிடப்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். நத்தார், புதுவருடக் கொண்டாட்டங்கள் வருவதும் அந்தக் காலத்தில்தான்.

இயக்குபவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அன்றன்று விற்கும் ரிக்கற்றில் பிழைப்பவரிடமே நிறுத்தும் முடிவையும் விட்டுவைத்திருக்கிறோம். மாநகர சபையும் பிரதேச சபைகளும் அனுமதி கொடுக்கும்போதே காற்றுமானி பொருத்தவேண்டும், நிறுத்தும் வேகத்தை நுழைவாயிலில் எழுதிவைக்கவேண்டும் என்று நிபந்தனை போடட்டும். காற்று அந்த அளவைத் தாண்டும்போது நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தோடு சபை உத்தியோகத்தர் ஒருவர் அங்கே நிற்கட்டும்.

பெற்றோரான நாங்களும் "காசு குடுத்தாச்சு, ஏன் நிப்பாட்டினனீங்கள்?" என்று சண்டைக்குப் போகிறோம். காற்றாலோ மழையாலோ நிறுத்தினால் அந்த ரிக்கற் மறுநாளும் செல்லும் என்று அதிலேயே அச்சடித்துவிட்டால், அந்தத் தம்பிக்கும் நிறுத்தத் துணிவு வரும்.

வாசகர் ஒருவர்,
கொக்குவில்.