சேலையைத் துவைத்துக் கொடுத்தவர்களுக்கு

கோலாலம்பூரின் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா வட்டார அன்பர்களுக்கு வணக்கம்.

மியன்மாரின் சின் இன அகதிப் பெண்கள் நெய்வதற்குப் பழைய சேலை கேட்டிருந்தோம். தந்த எல்லாருக்கும் நன்றி. நூல்சேலையைத் தனியே பிரித்து, கஞ்சி போகத் துவைத்து, ஃபால்ஸையும் பிரித்தெடுத்துக் கொடுத்த அக்காமார்களுக்கு இரட்டை நன்றி. இந்த ஊர்ப் புழுக்கத்தில் கஞ்சியோடு மடித்து வைத்த சேலை பூசணம் பிடித்து, கிழிக்கும்போதே இற்றுப்போகிறது.

அகதிகள் பற்றிய 1951 உடன்படிக்கையில் மலேசியா சேரவில்லை. அவர்களுக்கு முறையான வேலை குதிரைக்கொம்பு. இடுப்புத் தறிக்கோ ஃபிளாட்டின் ஜன்னல் கம்பி போதும். ஒரு முனையை அதில் கட்டி, மறுமுனையை இடுப்பில் மாட்டிச் சாய்ந்தால் பாவு, அதாவது நீளவாட்டு இழை, விறைக்கும்.

பாவுக்குப் புது நூல், குறுக்கே ஓடும் ஊடைக்கு உங்கள் சேலை. கரையை நீக்கிவிட்டு நீளவாக்கில் 2 சென்டிமீட்டர் பட்டையாகக் கிழித்தால், ஒரு சேலையில் ஏறக்குறைய 280 மீட்டர். 30க்கு 45 சென்டிமீட்டர் மேசை விரிப்புக்குச் சுமார் 36 மீட்டர் போகும். ஆக, சேலைக்கு ஏழு விரிப்பு. பட்டையை இறுக்கி இழுத்தால் ஓரம் உள்வாங்கும். சற்று வளைவாகப் போட்டு அடிக்க வேண்டும். ஜார்ஜெட் உதவாது. நேராகக் கிழியாது, வழுக்கும், துவைத்தால் நெசவு தளர்ந்துவிடும்.

தைப்பூசம் முடிந்ததும் தண்ணீர்ப்பந்தல் பதாகைகளைத் தந்த குழுக்களே, சாமி படங்களை நீங்களே வெட்டி எடுத்துக்கொண்டது பெரிய உதவி. அந்தப் பிளாஸ்டிக் பதாகைகளைப் பைகளாகத் தைக்கிறார்கள். மீன் வாங்கப் போகிற பையில் முருகனை எப்படி வைப்பது? பதாகை தைக்க 16 எண் ஊசி, 4 மில்லிமீட்டர் தையல். நெருக்கித் தைத்தால் தபால்தலை ஓரம்போலக் கிழிந்துவரும். குண்டூசி கூடாது, குத்திய ஓட்டை மூடாது, கிளிப்தான். தையல் இயந்திரத்தில் துணியை அழுத்திப் பிடிக்கும் சாதாரண இரும்புப் பாதம் பிளாஸ்டிக்கில் ஒட்டி, தையல் ஒரே இடத்தில் குவியும். ஒட்டாத டெஃப்லான் பாதம் கொடுத்த தையல்கடை அண்ணனுக்கு நன்றி. அதுவரை மேலே காகிதம் வைத்துத் தைத்து, பிறகு கிழித்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒற்றைச் செருப்பு வந்த மூட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நூல்சேலை இன்னும் வேண்டும். பட்டுச்சேலையை மட்டும் உங்கள் மகளுக்கே கொடுத்துவிடுங்கள்; இங்கே வந்தால் அதையும் கிழித்துவிடுவோம்.